பின்னால் நிற்கும் பட்டாளம்

செஞ்சிக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜன் நினைவுதான் வரும். குதிரை, வாள், வீர மரணம்! 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையும் சேர்ந்தது. பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். அடிவாரத்தில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். சற்று நிற்க வேண்டிய இடம் அது.

1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் பெரும் படையுடன் வந்து செஞ்சியை வளைத்தான். கோட்டைக்குள் இருந்தவன் சிவாஜியின் மகன் ராஜாராம். உள்ளே நெல் இருந்தது. குளங்களிலும் சுனைகளிலும் தண்ணீர் இருந்தது. வெளியே நின்ற படைக்கோ, தானியம் வெகு தூரத்திலிருந்து மாடுகளின் முதுகில் வர வேண்டும்.

1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் குதிரைப் படையோடு பாய்ந்து வந்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த மொகலாய அதிகாரியைச் சந்தாஜி சிறை பிடித்தான். முகாமுக்கு வந்த தானியம் நின்றது. முற்றுகை போட்டவனே முற்றுகைக்குள் சிக்கினான்! 1693 ஜனவரியில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். அவனிடம் பீரங்கி இருந்தது; ஆள் இருந்தது; சோறு இல்லை.

பிறகு அவன் மீண்டும் வந்தான். 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டான். இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு உணவுத் தட்டுப்பாடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். தளபதி மனம் வைத்துச் சண்டை போடவில்லை என்ற பேச்சும் உண்டு.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1962 அக்டோபரில் சீனப் படை தாக்கியபோது, நாம்கா சூ ஆற்றங்கரையில் நம் ஜவான்கள் பனிக்குளிரில் பருத்தி உடுப்போடும் கான்வாஸ் பூட்ஸோடும் நின்றார்கள். அங்கே லாரி போக ரோடு இல்லை. விமானத்திலிருந்து போட்ட மூட்டைகள் பல பள்ளத்தில் விழுந்தன. அவர்கள் வீரத்தில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை!

ராணுவத்தில் துப்பாக்கியோடு முன்னால் நிற்பவர் எத்தனை பேர், அவருக்கு வேண்டியதைப் பின்னால் இருந்து அனுப்புபவர் எத்தனை பேர் என்ற கணக்கு எல்லா நாட்டிலும் உண்டு. பின்னால் இருப்பவர் தொகை பெருத்தால் செலவு ஏறும். ஷேகட்கர் கமிட்டியின் யோசனைப்படி, சுமார் 57,000 பணியிடங்களை மாற்றி அமைக்க மத்திய அரசு 2017இல் முடிவு செய்தது. 1889இல் தொடங்கிய ராணுவப் பால் பண்ணைகள் 2021இல் மூடப்பட்டன. இது சரியே. பால் கடையில் கிடைக்கும்; அதற்காகப் பட்டாளம் மாடு வளர்க்க வேண்டாம்.

ஆனால் சியாச்சின் பனிமலைக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் எந்தக் கடைக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்? 1984 முதல் நம் வீரர்கள் அங்கே காவல் இருக்கிறார்கள். ஹெலிகாப்டர் போகாத நாளில் அவர்கள் பாடு திண்டாட்டம். ஆகவே ஆளைக் குறைக்கும் அதிகாரிகள், முன்னணியில் நிற்பவனுக்கு எது எப்படிப் போய்ச் சேரும் என்ற கணக்கை முதலில் போட வேண்டும். சம்பளக் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் ஊரிலும் பட்டாளத்தில் டிரைவராகவோ சமையற்காரராகவோ இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பார். “நீங்க சண்டை போட்டீங்களா, தாத்தா?” என்று பிள்ளைகள் கேட்டால், கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றுவார். எந்த மலைக்கு எத்தனை மூட்டை ஏற்றிப் போனார் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.