விதைக் கம்பை இடித்துத் தின்பவர்கள்

கரிசல் காட்டில் எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைக்கென்று எடுத்து வைத்த கம்பை யாரும் இடித்துத் தின்பதில்லை. தின்றால் அடுத்த மழைக்கு நிலத்தில் போட ஒன்றும் இருக்காது. இது கோவில்பட்டிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே ஊரில், தூத்துக்குடியிலிருந்து வரும் மீன் சினையோடு இருந்தால் கூடுதல் சந்தோஷம்! கடலுக்கு மட்டும் விதை வேண்டாமா?

களவா மீனைப் பாருங்கள். வருடம் முழுக்கப் பவளப்பாறைப் பொந்தில் தனியாகக் கிடக்கும். முட்டையிடும் காலத்தில் மட்டும் குறிப்பிட்ட பிறை நாட்களில், குறிப்பிட்ட ஒரே இடத்தில் கூட்டமாகக் கூடும். லட்சத்தீவின் பித்ரா தீவில் அமாவாசையை ஒட்டி இப்படிக் கூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த இடம் தெரிந்துவிட்டால் போதும், சில நாள் தூண்டிலிலேயே ஒரு வட்டாரத்து மீனை வழித்து எடுத்துவிடலாம். கடைசி வருடம் வரை மீன்பாடு அமோகமாக இருப்பது போலத் தெரியும். பிறகு ஒன்றுமே இருக்காது. கரீபியன் கடலில் நசாவு களவாவுக்கு நடந்தது இதுதான்.

"அதான் தடைக்காலம் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் அது விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுக்கு இல்லை. களவா கூடும் பிறையையும் இடத்தையும் அது கணக்கில் எடுப்பதே இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பலகை வைத்தால் மட்டும் மீன் பெருகிவிடுமா?

"மீனவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கடல் முழுவதையும் மூடச் சொல்லவில்லை. ஒரு சில இடம், ஒரு சில நாள். அந்த நாட்களுக்கு, தடைக்கால நிவாரணம் போல ஒரு தொகை. எந்தப் பாரில் எப்போது மீன் கூடும் என்பது வேம்பார், தூத்துக்குடி மீனவர்களைக் கேட்டால் தெரியும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி.

பலன் கிடைக்குமா? கேமன் தீவுகளில் 2003-ல் மீன் கூடும் இடங்களில் பிடிக்கத் தடை போட்டார்கள். லிட்டில் கேமனில் 2009-ல் சுமார் 1,200 ஆக இருந்த களவா, 2018-ல் 7,000-ஐத் தாண்டியது.

பொறுத்தவன் விதைத்தான், விதைத்தவன் அறுத்தான். கடலிலும் கணக்கு அதேதான்.