சிட்டை நின்றால் ஊக்கமும் நிற்கும்

நமது கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் "ஊக்கத்தைக் கைவிடாதீர்கள், உழைத்தால் உயரலாம்" என்று பேசிவிட்டு அமர்கிறோம். நானும் பலமுறை பேசியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஊக்கத்தைக் கைவிடாமல் இருப்பது எப்படி என்று நாம் யாரும் சொல்வதில்லை. சென்ற தீபாவளி முடிந்த மறுவாரம் என் மண்டியில் நடந்த ஒரு சம்பவம்தான் இதைப் பற்றி எழுதத் தூண்டியது.

பக்கத்து ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். கடை திறந்த நாளிலிருந்து என்னிடம்தான் பருப்பும் மிளகாயும் மல்லியும் எடுக்கிறார். வந்தவர் பாக்கித் தொகை முழுவதையும் மேஜை மேல் வைத்தார். "கணக்கை நேர் பண்ணிக்கோங்க அண்ணாச்சி. கடையை எடுத்திரலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அவர் கடை திறந்தது 2017-ஆம் வருடம். அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதிதான் ஜி.எஸ்.டி. வந்தது. பழைய வியாபாரிகளே குழம்பி நின்ற நேரத்தில், "அஞ்சு வருஷத்துல சொந்த இடம், பத்து வருஷத்துல ரெண்டாவது கடை" என்று தைரியமாகச் சொன்னவர் இவர். 2020-இல் ஊரடங்கின்போது, போலீஸ் அனுமதித்த நேரத்துக்குள் கடை திறந்து, தெரு முழுவதற்கும் அரிசி பருப்பு கொடுத்தவர். இப்போது எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. செல்போனில் ஆர்டர் கொடுத்தால் சாமான் வீட்டு வாசலுக்கே வருகிறது. "எவ்வளவு ஓடினாலும் நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"நஷ்டம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

"சரியாத் தெரியல அண்ணாச்சி. முன்ன மாதிரி ஓட்டம் இல்ல."

"சிட்டையைக் கொண்டுவந்திருக்கியா?"

தலையைக் குனிந்துகொண்டார். ஆடி மாதத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டாராம். "பில் மெஷின்ல எல்லாம் ஏறுது. தனியா எழுத மனசில்ல" என்றார்.

அப்போது எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. 1975-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு விருதுநகர் பஜாரில் ஒரு மண்டியில் பையனாகச் சேர்ந்தேன். சாக்கு மடிப்பதில் தொடங்கி, எடை போட்டு, பேரேடு எழுதும் இடத்துக்கு வரப் பத்து வருடம் ஆயிற்று. 1986-இல் சொந்தமாக மண்டி போட்டேன். 1991-இல் வெளியூர் வியாபாரி ஒருவர் 62,000 ரூபாய் பாக்கியோடு இரவோடு இரவாக ஊரைவிட்டே போய்விட்டார். அன்றைக்கு அது என் முதலில் பாதி. அடுத்த நான்கு மாதம் நான் கடைக்குப் போனேன், கல்லாவில் உட்கார்ந்தேன், வீட்டுக்கு வந்தேன். கணக்கு மட்டும் எழுதவில்லை. எழுதினால் அந்த 62,000 கண்ணில் படுமே என்ற பயம்.

பழைய முதலாளி காதுக்கு விஷயம் எட்டி, ஒருநாள் மாலை வந்தார். "பணம் போனது ஒரே நாள்ல. நீ எழுதாம விட்டது நூத்தி இருபது நாள். இதுல எது பெரிய நஷ்டம்?" என்று கேட்டார். அன்றிரவே உட்கார வைத்து எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, மற்ற வியாபாரிகள் எல்லோரும் தவணை தவறாமல் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்; மல்லியில் நல்ல லாபமும் வந்திருந்தது. இரண்டாவது, நான் கவனிக்காமல் விட்ட 40 மூட்டை மிளகாய் குடோனில் காய்ந்து எடை குறைந்து, நிறமும் மங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போனவரை நினைத்துக்கொண்டு, இருப்பதை இழந்துகொண்டிருந்தேன். அந்த 62,000-ஐ ஈடுகட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். ஊக்கம் என்பது தானாக வருகிற உணர்ச்சி அல்ல. நேற்றைவிட இன்று ஓரடி நகர்ந்திருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் அது இருக்கும். தெரியாவிட்டால் போய்விடும். வியாபாரிக்கு அதைத் தெரியவைப்பது சிட்டை ஒன்றுதான். மெஷினில் எல்லாம் ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் நாம் எடுத்துப் பார்க்காவிட்டால் அது யாருக்காக ஏறுகிறது?

பெரிய இலட்சியம் எப்படி நிறைவேறும் என்பதற்கு எங்கள் விருதுநகரிலேயே சாட்சி இருக்கிறது. 1889-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளி, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியிலும் வியாபாரிகள் கொடுத்த மகமையிலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்ட தாய்மார், "இந்த ஒரு பிடியில் பள்ளிக்கூடம் எழும்புமா?" என்று கேட்டிருந்தால் அன்றே கை ஓய்ந்திருக்கும். அவர்கள் கண்ணில் பட்டது அன்றைய பிடி மட்டுமே.

நம் கடையிலும் அப்படியே செய்யலாம். நான் அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

முதலாவது, குறிக்கோளை அன்றாடத் தொகையாக மாற்ற வேண்டும். சொந்த இடத்துக்கு 3 லட்சம் அட்வான்ஸ் வேண்டும் என்றால் மலைப்பாக இருக்கும். தினம் 200 ரூபாய் என்றால், வருடத்தில் 360 நாளுக்கு 72,000. நாலு வருடத்தில் 2,88,000. இன்று 200 எடுத்துவைத்தாயா இல்லையா என்ற கேள்விக்கு ராத்திரி பதில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கடை சாத்துமுன் மூன்று வரி எழுத வேண்டும். இன்றைய விற்பனை ஒரு வரி. இன்று கடன் கொடுத்ததும் வசூலானதும் ஒரு வரி. மூன்றாவது வரிதான் முக்கியம்: இன்று யார் என்ன கேட்டு, நாம் "இல்லை" என்று சொன்னோம் என்பது. ஒரே சாமான் ஒரு வாரத்தில் நான்கு தடவை அந்த வரியில் வந்தால் அடுத்த கொள்முதலில் அதைச் சேர்க்க வேண்டும். எதிர்க்கடைக்குப் போன வாடிக்கை திரும்புவது இப்படித்தான்.

மூன்றாவது, அடுத்தவன் கல்லாவைப் பார்க்கக் கூடாது. நம் கணக்கையும் ஆடியைச் சித்திரையோடு ஒப்பிடக் கூடாது. ஆடியில் வியாபாரம் மந்தம்தான். சென்ற வருட ஆடியோடு இந்த வருட ஆடியை ஒப்பிட்டால்தான் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது தெரியும்.

நான்காவது, உடம்பு. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்தி, 365 நாளும் நிற்கிறோம். உடம்பு அலுத்துப்போனதை மனசு விட்டுப்போனதாக எண்ணிவிடுகிறோம். வாரத்தில் அரை நாள் சாத்தினால் கடை மூழ்கிவிடாது. இதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அதற்குள் என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

"கோடிக்கணக்கில் முதல் போட்டு வருகிறவனோடு மூன்று வரி எழுதிப் போட்டிபோட முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் போட்டியில் நியாயம் கேட்பது சங்கத்தின் வேலை. மே 5 வணிகர் தினத்தன்று அதற்காகத்தான் கூடுகிறோம். ஆனால் சங்கம் ஜெயித்து வரும்வரை நம் கடையை நிறுத்திவைப்பது நம் வேலை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்த பிறகு, "இது தேறாது" என்று தெரிந்தால் கடையை எடுத்துவிடுவதில் அவமானம் எதுவும் இல்லை. நானறிந்த ஒருவர் அப்படி மளிகையை விட்டுவிட்டு, ஏஜென்சி எடுத்து, இன்று நன்றாக இருக்கிறார். கணக்கே பார்க்காமல், ஒருநாள் அலுப்பில் எடுத்துவிடுவதுதான் தவறு.

அந்தத் தம்பியும் நானும் அன்று மெஷின் பில்லையும் கொள்முதல் சீட்டையும் பரப்பிவைத்து இரண்டு மணி நேரம் எழுதினோம். நஷ்டம் இல்லை. சோப்பு, பிஸ்கட் போன்ற பாக்கெட் சாமான்கள் எதிர்க்கடைக்குப் போயிருந்தன. சில்லறைப் பருப்பும், திரிக்கக் கொடுக்கும் மிளகாய், மல்லியும் முன்பைவிடக் கூடியிருந்தன. தெருவில் மட்டும் 87,000 ரூபாய் பாக்கி நின்றது. முதல் அங்கே முடங்கியதால்தான் கை இறுகியிருந்தது. கடை கெடவில்லை, மனிதர்தான் களைத்திருந்தார்.

அவர் கொண்டுவந்த பணத்தை வரவு வைத்துக்கொண்டேன். கணக்கு கணக்குத்தான். கிளம்பும்போது அவரே இரண்டு மூட்டை துவரம்பருப்புக்கு ஆர்டர் சொன்னார். "பொங்கல் வரைக்கும் எழுதிப் பார்க்கிறேன் அண்ணாச்சி" என்றார். பொங்கலுக்குப் பிறகு அவர் கடையை நடத்துவாரோ விடுவாரோ, கணக்கைப் பார்த்து முடிவு செய்தால் எனக்குத் திருப்தி.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். இளம் வியாபாரிகள் தங்கள் சிட்டையோடு வரட்டும். என்னைப் போன்ற பழைய ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். யார் கணக்கும் வெளியே போகாது என்பதற்கு நாங்கள் பொறுப்பு. நானும் 1991-இல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்ததால்தான் இன்று மண்டியில் இருக்கிறேன்.

எழுதாமல் விட்டவர்கள் இன்றிரவு கடை சாத்துமுன் சிட்டையைத் திறந்து, தேதி போட்டு, மூன்று வரி எழுதுங்கள். விட்டுப்போன பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.