பெயர்க் கதை: 500 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த 'ஹோகுன்'!

1905-ல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த நார்வேக்கு ஒரு மன்னர் தேவைப்பட்டார். டென்மார்க் இளவரசர் கார்லை அழைத்தார்கள். முதலில் மக்களின் சம்மதம் வேண்டும் என்றார் அவர். வாக்கெடுப்பு நடந்தது, பெரும்பாலானோர் ஆதரித்தனர்.

அரியணையோடு புதுப் பெயரும் ஏற்றார்: ஏழாம் ஹோகுன். 'உயர்ந்த மகன்' என்று பொருள் தரும் பழைய நார்ஸ் மொழிப் பெயர் இது. ஸ்வீடனில் இதையே 'ஹோகன்' என்பார்கள். நார்வேயின் ஆறாம் ஹோகுன் இறந்தது 1380-ல்! கார்லின் 2 வயது மகன் அலெக்ஸாண்டரும் 'ஓலாவ்' ஆனான்.

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. நாஜி ஆதரவாளர் க்விஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொல்லி மிரட்டியது. அதற்குப் பதில் முடியையே துறப்பேன் என்று மறுத்துவிட்டார் மன்னர். பிறகு லண்டனில் இருந்தபடி மக்களுக்குத் தைரியம் கொடுத்தார்.

நார்வேயிலோ, 'ஹெச்' எழுத்தும் 7-ம் சேர்ந்த அவரது முத்திரையைச் சுவர்களிலும் சாலைகளிலும் ரகசியமாக எழுதினார்கள் மக்கள். மாட்டினால் தண்டனை என்று தெரிந்தும் எழுதினார்கள்.

1945 ஜூன் 7-ல் மன்னர் நாடு திரும்பினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1973-ல் பிறந்த நார்வே இளவரசர். அவர் பெயர்? ஹோகுன்!