கிண்ணம் வென்றும் மூடப்பட்ட கழகம்

1999ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி. டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் ஜப்பானின் பேரரசர் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் கழகம், ஷிமிசு எஸ்-பல்ஸ் கழகத்தை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வென்றவர்கள் கிண்ணத்தைத் தூக்கினார்கள், கூடி நின்று படம் எடுத்தார்கள், அழுதார்கள். அந்த அழுகையில் சந்தோஷம் பாதிதான். அந்தச் சட்டையை அவர்கள் போட்டது அன்றுதான் கடைசி. நாட்டின் மிகப் பழைய கிண்ணத்தை வென்ற கழகம் அந்தப் போட்டியோடு இல்லாமல் போனது.

வியாபாரம் பேசும் பக்கத்தில் உதைபந்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் கழகம் மைதானத்தில் தோற்கவில்லை, கணக்குப் புத்தகத்தில்தான் தோற்றது. ஆகவே இது நமது பக்கத்துக்குரிய விடயம்தான். ஜப்பான் என்றதும் நமக்கு வாகனமும் உதிரிப்பாகமும் நினைவுக்கு வரும். அந்த வாகனங்களைச் செய்யும் கம்பனிகளின் பெயர்கள் இந்தக் கதையிலும் வரத்தான் போகின்றன.

முதலில் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1919இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஜப்பானுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணத்தை அன்பளிப்பாக அனுப்பியது. அதைப் பொறுப்பேற்க அங்கே ஒரு தேசியச் சங்கம் அப்போது இருக்கவில்லை. கிண்ணம் முன்னே வந்துவிட்டது, சங்கம் பின்னே வந்தது. 1921இல் சங்கத்தை அமைத்து, அதே வருடம் போட்டியையும் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் அரசு உலோகங்களைச் சேகரித்தபோது அந்த வெள்ளிக் கிண்ணமும் போய்விட்டது. அதே போன்ற ஒன்றை இங்கிலாந்துச் சங்கம் 2011இல் மீண்டும் செய்து கொடுத்தது. பேரரசரின் பெயரில் உள்ள கிண்ணம் அரண்மனையிலிருந்து 1948இல் கிடைத்தது. 1951 முதல் இந்தப் போட்டியில் வெல்பவர்களுக்கு அதுவே வழங்கப்படுகிறது. 1969 தொடக்கம் பல தசாப்தங்களாக இறுதிப் போட்டி புத்தாண்டு நாளிலேயே நடந்து வந்தது. அண்மைய வருடங்களில்தான் திகதி மாறி மாறி வருகிறது.

இது நொக் அவுட் போட்டி. ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். யாரும் வரலாம் என்பதே இதன் சிறப்பு. நாட்டின் 47 நிர்வாகப் பிரிவுகளிலும் உள்ளூர்ப் போட்டி வைத்து, வென்ற அணிகளை அனுப்புகிறார்கள். அதில் பல்கலைக்கழக அணி இருக்கும், தொழிற்சாலை ஊழியர்களின் அணி இருக்கும், ஊர்க் கழகமும் இருக்கும். தொழில்முறைக் கழகங்கள் இவர்களோடு மோதியே மேலே போக வேண்டும். 2024 ஜூன் மாதம் இரண்டாம் சுற்றில் சுகுபா பல்கலைக்கழக மாணவர்கள், அப்போது முதற்தர லீக்கில் முதலிடத்தில் இருந்த மச்சிதா செல்வியா கழகத்தை 1-1 என்று மறித்து, பெனல்டியில் 4-2 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மாணவர்களின் ஆட்டம் முரட்டுத்தனமானது என்று மச்சிதாவின் பயிற்றுவிப்பாளர் குறைபட்டுக்கொண்டார். தோற்ற பின் குறை சொல்வது எந்த நாட்டிலும் உள்ளதுதான். அதே மச்சிதா 2025 நவம்பரில் இந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் இந்தக் கிண்ணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருந்தது. 1960இல் ஃபுருகாவா மின்சாரக் கம்பனியின் அணி அதை வென்றது. ஒரு கம்பனி அணி வென்றது அதுவே முதற்தடவை. 1966ஆம் ஆண்டுப் போட்டியில் வசேடா பல்கலைக்கழகம் வென்றதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பல்கலைக்கழகமும் வெல்லவில்லை. வென்றவை எல்லாம் கம்பனி அணிகளும், அவற்றிலிருந்து பிறந்த கழகங்களும், அவற்றின் பின்னால் வந்த தொழில்முறைக் கழகங்களும்தான். இன்றைய உராவா ரெட்ஸ் அன்று மிட்சுபிஷியின் அணி. மரினோஸ் நிசானின் அணி. நகோயா டொயோட்டாவின் அணி. ஹிரோஷிமா, மஸ்தா வாகனம் செய்யும் கம்பனியின் அணி. பகலில் காரியாலயத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, மாலையில் பந்து. சம்பளம் கம்பனியுடையது.

1993இல் தொழில்முறை லீக் தொடங்கியபோது, கழகத்தின் பெயரில் கம்பனியின் பெயர் இருக்கக் கூடாது, ஊரின் பெயர்தான் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. ஆனால் பலகையில் பெயர் மாறியதே தவிர, பல இடங்களில் பணப்பை மாறவில்லை. ஊரின் பெயர் வெளியே, கம்பனியின் காசோலை உள்ளே.

லீக் தொடங்கியபோது இருந்த பத்துக் கழகங்களில் ஃப்ளூகெல்ஸும் ஒன்று. அதைத் தாங்கி நின்றவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று ஓல் நிப்பொன் எயார்வேஸ் விமான நிறுவனம். மற்றையது சாட்டோ கோக்யோ என்ற கட்டட நிர்மாணக் கம்பனி. 1980களின் முடிவில் ஜப்பானில் காணி விலையும் பங்கு விலையும் ஊதிப் பெருத்து, 1990களில் வெடித்ததை நாம் அறிவோம். அதில் அதிகம் அடிபட்டவை நிர்மாணக் கம்பனிகளும் அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளுமே. 1998இல் சாட்டோ கோக்யோ கழகத்திலிருந்து கையை எடுத்தது. விமான நிறுவனமும் தனியாகச் சுமக்க முன்வரவில்லை. அதே நகரத்தின் மற்றக் கழகமான மரினோஸின் பின்னால் நின்ற நிசானுக்கும் அது நல்ல காலமாக இருக்கவில்லை. இரண்டு கழகங்களையும் ஒன்றாக்குவது என்று மேலே இருந்தவர்கள் முடிவெடுத்து, 1998 ஒக்டோபர் 29ஆம் திகதி அறிவித்தார்கள். இரண்டையும் இணைப்பதாகச் சொன்னார்கள். இணைப்பில் மிஞ்சியது மரினோஸ். ஃப்ளூகெல்ஸின் ஞாபகமாகப் பெயருக்கு முன்னால் 'எஃப்' என்ற ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது.

வீரர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. ஆதரவாளர்களையும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் தெருவில் நின்று கையொப்பம் சேகரித்தார்கள், பணமும் சேகரித்தார்கள். வீரர்கள் வேறொன்று செய்தார்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு அவர்கள் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. நொக் அவுட் போட்டியில் தோற்கும் நாள்தான் கழகத்தின் கடைசி நாள். ஆகவே ஒவ்வொரு வெற்றியும் கழகத்தின் ஆயுளைச் சில நாட்கள் கூட்டியது. காலிறுதியில் இவாட்டா, அரையிறுதியில் அந்த வருடத்தின் லீக் சம்பியனான கஷிமா, பிறகு அந்தப் புத்தாண்டு இறுதிப் போட்டி. வெற்றிக் கோலை அடித்தவர் யொஷிடா தகாயுகி என்ற 21 வயது இளைஞர்.

அன்று எதிரே நின்ற ஷிமிசு கழகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். முதற்பத்துக் கழகங்களில் கம்பனி அணியாக இல்லாமல் ஊரவர்களால் தொடங்கப்பட்டது அது ஒன்றுதான். 1997இல் அதுவும் கடனில் மூழ்கி மூடும் நிலைக்கு வந்தது. ஊரவர்கள் கையொப்பம் திரட்டி நின்றார்கள். அதே ஊரின் போக்குவரத்து நிறுவனமான சுசுயோ பொறுப்பெடுத்துத் தூக்கி நிறுத்தியது. சாகப் பிழைத்த கழகமும் சாகப்போகும் கழகமும்தான் அன்று மோதின. கிண்ணம் வென்றவருக்குரிய ஆசியப் போட்டி இடத்தை எடுக்க ஃப்ளூகெல்ஸ் உயிரோடு இல்லை. ஆகவே அந்த இடம் ஷிமிசுவுக்குப் போனது. அவர்கள் போய் அந்த ஆசியக் கிண்ணத்தையும் வென்று வந்தார்கள்.

கையை எடுத்த கம்பனியைத் திட்டுவது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். சாட்டோ கோக்யோ 2002இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பில் மறுசீரமைப்புக்குப் போனது. வீட்டில் தீப்பிடித்தவனிடம் பக்கத்துக் கடைக்குப் பந்தல் போடச் சொல்ல முடியாது. என் குறை வேறு. கழகம் மூடுகிறது என்பதை அதில் வேலை செய்பவனுக்கும், வாரா வாரம் டிக்கட் வாங்கி வருபவனுக்கும் கடைசியாகச் சொல்வது எந்த வியாபார ஒழுங்கிலும் சேராது. இன்னொரு குறை, கழகத்தை நடத்தியவர்கள் மீது. இரண்டு காசோலைகளை நம்பி ஒரு நகரத்தின் ஆசையைக் கட்டினார்கள். மூன்றாவது காசோலையைத் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தேட வேண்டிய தேவை வரவில்லை. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பிக் களஞ்சியத்தை நிரப்பியவர்களுக்கு இந்த நித்திரை எப்படிப்பட்டது என்று தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித் தூங்கியவன்தான். மாதக் கணக்கு ஒழுங்காக வரும் வரை அது நித்திரை என்றே தெரிவதில்லை.

இப்போது கோஃபு என்ற ஊருக்குப் போவோம். ஃபுஜி மலையை அண்டிய யமனாஷி பகுதியின் தலைநகரம். சனத்தொகை இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அங்குள்ள வென்ஃபோரே கோஃபு கழகம், ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் 1965இல் தொடங்கிய கழகத்திலிருந்து வந்தது. பின்னால் பெரிய கம்பனி எதுவும் இல்லை. 1999இல் இரண்டாம் தர லீக்கில் சேர்ந்து, தொடர்ந்து மூன்று வருடங்கள் கடைசி இடம். கடன் ஏறியது. மூடுவோமா என்ற பேச்சும் வந்தது.

2001இல் பொறுப்பாளர்கள் நிபந்தனைகள் வைத்தார்கள். ஒரு போட்டிக்குச் சராசரி 3,000 பார்வையாளர்கள் வர வேண்டும். 5,000 பேர் ஆதரவாளர் அங்கத்துவம் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் 50 மில்லியன் யென் சேர வேண்டும். இல்லையேல் கழகம் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைக் குழுமத்திலிருந்து கழகத்தின் தலைவராக வந்த உன்னோ கசுயுகி ஊருக்குள் இறங்கினார். பெரிய கம்பனி கிடைக்காது என்று தெரிந்து சின்னக் கடைகளின் படிகளில் ஏறினார். ஒருவரிடம் பெரிய தொகை கேட்பதற்குப் பதிலாகப் பலரிடம் சிறிய தொகை கேட்டார். காயப்பட்ட வீரரைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சரில்கூட விளம்பரம் விற்றார்கள். பணமாகத் தர முடியாதவர் பொருளாகவோ சேவையாகவோ தரலாம் என்றார்கள். சலவைக் கடைக்காரர் வீரர்களின் உடுப்பைத் துவைத்துக் கொடுத்தால் அதுவும் அனுசரணைதான். அந்தச் செலவு கழகத்தின் புத்தகத்தில் குறைகிறது அல்லவா? நம் பழைய வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறின. மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகைகள் நெருக்கமாக எழுந்தன. கடை ஒன்று விலகினால் பலகை ஒன்று கழன்று விழும், கழகம் விழாது.

வசதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோஃபு இன்றும் சின்னக் கழகம்தான். முதற்தரத்துக்கு ஏறும், இறங்கும். 2022இல் இரண்டாம் தர லீக்கில் 22 அணிகளில் 18ஆம் இடம். அதே வருடம் பேரரசர் கிண்ணத்தில் சப்பொரோ, தொசு, ஃபுகுஓகா, கஷிமா என்று முதற்தரக் கழகங்களை ஒன்றன் பின் ஒன்றாக வென்று இறுதிப் போட்டிக்கு வந்தது. ஒக்டோபர் 16ஆம் திகதி, யோகோஹாமாவில், நிசானின் பெயர் தாங்கிய மைதானத்தில், மஸ்தாவிலிருந்து பிறந்த ஹிரோஷிமாவுடன் ஆட்டம். 1-1 என்று மேலதிக நேரத்துக்குப் போனது. 2003 முதல் இந்தக் கழகத்திலேயே இருந்த யமமொட்டோ ஹிதெயோமி கடைசி நேரத்தில் மாற்று வீரராக இறங்கினார். வயது 42. இறங்கிச் சில நிமிடங்களில் பந்து அவர் கையில் பட்டு எதிரணிக்குப் பெனல்டி போனது. கோல்காப்பாளர் கவாட்டா அதைத் தடுத்தார். பிறகு பெனல்டி முறையில் கடைசி உதையை அடித்து 5-4 என்று கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர் அதே யமமொட்டோதான்.

சின்னக் கடைகளின் காசு எப்போதும் வெல்லும் என்று சொல்ல வரவில்லை. ரகுட்டென் என்ற இணைய வர்த்தக நிறுவனத்தின் பலத்தில் நிற்கும் வீசெல் கோபே, இனியெஸ்டா, பொடொல்ஸ்கி, வியா என்று உலகப் பெயர்களைக் கொண்டுவந்து 2020 புத்தாண்டில் இதே கிண்ணத்தை வென்றது. பெரிய பணத்துக்குப் பெரிய பலம் உண்டு. கம்பனி அணி என்றாலே கெட்டதும் அல்ல. ஹமமட்சுவில் ஹொண்டா ஊழியர்களின் அணி இன்றும் தொழில்முறை அல்லாத லீக்கில், கம்பனியின் பெயரிலேயே ஆடுகிறது. தொழில்முறைக்குப் போக அது ஆசைப்படவில்லை. 2019இல் உராவா உட்பட மூன்று தொழில்முறைக் கழகங்களை வென்று காலிறுதிவரை வந்து, கஷிமாவிடம் ஒரே கோலால் தோற்றது. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கம்பனியின் அணி என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஊரின் பெயரைப் போட்டு ஊர் மக்களின் மனதை வாங்கிவிட்டு, முடிவை மட்டும் கம்பனி மேசையில் எடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஃப்ளூகெல்ஸின் ஆதரவாளர்கள் சேர்த்த பணத்தில் 1999இல் யோகோஹாமா எஃப்.சி. என்ற புதிய கழகம் கீழ்த்தட்டிலிருந்து தொடங்கியது. 2007இல் அது முதற்தர லீக்கில் ஆடியது. ஃப்ளூகெல்ஸின் கடைசிக் கோலை அடித்த யொஷிடா பின்னர் பயிற்றுவிப்பாளரானார். 2024 நவம்பரில் அவருடைய வீசெல் கோபே, தேசிய அரங்கில் இதே கிண்ணத்தை வென்றது. கோஃபுவோ கிண்ணத்தின் பலனாக 2023இல் ஆசிய சம்பியன்ஸ் லீக்கில் ஆடப் போனது. அதன் சொந்த மைதானம் ஆசியப் போட்டி விதிகளுக்குப் போதாது. ஆகவே உள்ளூர் ஆட்டங்களை டோக்கியோ தேசிய அரங்கில் வைத்தார்கள். அந்தப் பெரிய அரங்குக்கு மற்றக் கழகங்களின் ஆதரவாளர்கள் தத்தமது கழகச் சட்டையோடு வந்து கோஃபுவுக்காகக் கத்தினார்கள். இரண்டாம் தரக் கழகம் தன் குழுவில் முதலிடம் பெற்று அடுத்த சுற்றுக்கும் போனது.