பொட்டு வைத்தோம், பானட்டைத் திறக்கவில்லை

புது கார் வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஷோரூமிலிருந்து நேரே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பானட்டில் சந்தனம், குங்குமம். முகப்பில் மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சீட்டின் பிளாஸ்டிக் உறையை மூன்று மாதம் பிரிக்கவில்லை. பெயின்ட் மங்கக் கூடாது என்று தனியாகப் பணம் கட்டி மெருகு பூசினோம். டாஷ்போர்டு டிராயரில் இருந்த கையேட்டை மட்டும் எங்களில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

முதல் சர்வீஸ் எப்போது என்று அதில் இருந்தது: 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது. ஒரு மாதம் முடிந்த அன்று எங்கள் வண்டி 340 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஷோரூமிலிருந்து இரண்டு முறை மெசேஜ் வந்தது, ஒரு முறை போனும் வந்தது. "இன்னும் ஆயிரமே ஓடலையே, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டோம். போனது நாலாவது மாதம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் நின்று பேசும்போதெல்லாம் எல்லோரும் இதையேதான் சொல்லிக்கொண்டோம். "புது வண்டிதானே, என்ன ஆகப்போகுது?" "முதல் சர்வீஸ்ல ஆயில்கூட மாத்த மாட்டான், தண்ணி அடிச்சுக் கழுவித் தருவான், அவ்வளவுதான்." ஒருவர் சொன்னதை அடுத்தவர் ஆமோதித்து, நம் சோம்பலுக்கு நாமே சாட்சி சொல்லிக்கொண்டோம்.

ஆயில் மாற்ற மாட்டார்கள் என்பது பல வண்டிகளுக்கு உண்மைதான். ஆனால் முதல் சர்வீஸ் என்பது பார்ப்பதற்கான நாள். புது எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்துவது அந்த முதல் ஆயிரம் கிலோமீட்டரில்தான். புது பிரேக் கட்டைகள் டிஸ்க்கில் படிவதும் அப்போதுதான். தொழிற்சாலையில் முடுக்கிய போல்ட்டுகள் சாலையின் அதிர்வை முதன்முதலாகச் சந்திக்கின்றன. எங்காவது ஒரு ஹோஸ் கிளாம்ப் சரியாக உட்காராமல் இருந்தால், கூலண்ட் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டிருந்தால், அது பெரிய செலவாகும் முன்னே கண்ணில் படுவதற்காக வைத்த நாள் அது. அப்பா காலத்தில் புது வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போவார்கள். இன்றைய எஞ்சினுக்கு அவ்வளவு பத்தியம் தேவையில்லை. ஆனால் புது வண்டிக்குப் புதுசாக இருப்பதே ஒரு பருவம், அப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. நாம் அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டோம். புதுசு என்பதையே காவல் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த நாலு மாதமும் அம்மாவை முதுகு வலிக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப்போய் வந்தோம். கார் வாங்கியதே பெரும்பாலும் அதற்காகத்தான். பின் சீட்டில் உட்கார்ந்து, "ரோடு அப்படியே முதுகுல வந்து தட்டுதுப்பா" என்பார். நாங்கள் மாநகராட்சியைத் திட்டினோம், வேகத்தடைகளைத் திட்டினோம், சின்ன கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவுக்கே விளக்கம் சொன்னோம். கடைசியில் சர்வீஸுக்கு விட்ட அன்று அட்வைசர் டயரில் காற்றைப் பார்த்தார். 33 இருக்க வேண்டியது 42 இருந்தது. யார்டில் நாள்கணக்காக நிற்கும் வண்டிகளின் டயர் தட்டையாகிவிடக் கூடாது என்று கூடுதலாகக் காற்று அடித்து வைப்பது உண்டு. டெலிவரிக்கு முன் அதைக் குறைத்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது விட்டுப்போயிருந்தது. சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கிறது. நாலு மாதம் தினமும் திறந்து மூடிய கதவு அது.

காற்றைக் குறைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அன்று மாலை திரும்பி வரும்போது அம்மா, "இந்தப் பக்கம் புதுசா ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். வீடு வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்னதை ஒரு புகாராகக்கூட நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உறைத்தது.

இதற்குப் பிறகும் திருந்தினோமா என்றால் இல்லை. ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். எங்கள் வண்டி வருடத்துக்கு 3,000 சொச்சம் ஓடுவது. அப்படியென்றால் மூன்று வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். மறுபடி அதே தவறு, கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது. கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியின் எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் அணைந்துவிடுகிறது. உள்ளே படியும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலக்கின்றன. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெடலாம் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. பத்தொன்பதாவது மாதம் குச்சியில் தொட்டுப் பார்த்த ஆயில் கறுத்து, பெட்ரோல் வாடை அடித்தது. இலவச சர்வீஸ் ஒன்று காலாவதியாகிவிட்டது. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கட்டம் முத்திரை இல்லாமல் காலியாக நிற்கிறது. நாளைக்கு வாரண்டியில் எஞ்சினுக்கு ஏதாவது கேட்டுப் போனால், முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

லாரி ஓட்டுகிறவர்கள் காலையில் வண்டி எடுக்கும் முன் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பதையும், டயரைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். அந்த வண்டி சோறு போடுகிறது, அதனால் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். நம் வண்டியில் உட்காருவது அம்மாவும் குழந்தைகளும்.

அடுத்த வாரம் தம்பி கார் எடுக்கிறான். பூஜை நாளை அம்மா குறித்துவிட்டார். காலண்டரில் அதற்குச் சரியாக ஒரு மாதம் தள்ளி இன்னொரு தேதியை நான் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அவன் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவன். அன்றைக்கு வண்டி 200 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. இருந்தாலும் அன்று காலையிலேயே கொண்டுபோய் விடுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.