எங்கள் வளவில் இளவேனில்

'வசந்த காலம்' என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு மாணாக்கரை ஏவுவது தமிழாசிரியர் வழக்கங்களுள் ஒன்று. அத்தகைய கட்டுரைக் கட்டொன்றைப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் உயர்வகுப்புப் பிள்ளைகள். நடை ஒழுங்காகவே இருந்தது. எழுத்துப் பிழையுங் குறைவு. தென்றல் வீசியது, குயில் கூவியது, சோலையிலே வண்டு முரன்றது. ஒரு பிள்ளையின் தாளிலே மலையுச்சிப் பனியும் உருகி ஆறாக ஓடியது. மலையும் வற்றாத ஆறும் இல்லாத தீபகற்பத்திலே பனி உருகியதை மன்னித்து விடலாம். அப்பிள்ளையின் வீட்டுப் படலையடியிலே நிற்கும் பூவரசுக்கு ஒரு வரிதானும் கிடைக்கவில்லையே என்பதுதான் என் மனத்தை வருத்தியது.

பிள்ளைகளை நோவதிற் பயனில்லை. நம் நாட்டுச் செய்தித்தாள்களிலே 'வசந்த காலம்' என்றால் ஏப்ரல் மாத நுவரெலியா என்றே பொருளாகிவிட்டது. குளிர் நாட்டார் தம் ஊர் நினைவாக மலையிலே அமைத்துக்கொண்ட மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் இன்று நமக்கும் வசந்தமாகிவிட்டன. எஞ்சியது பாடநூல் வசந்தம். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நூலோர் வகுத்தனர். மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர். அந்த இளவேனில் தம் வளவுக்குள் எப்பொழுது நுழைகின்றது என்று அவர்களை ஒருவருங் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து நம் நிலத்தை நனைக்கின்றது. தை பிறக்கும் பொழுது கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். வெள்ளம் வடிந்து மண் கால்வைக்கும் பதத்துக்கு வந்திருக்கும். மாசியிலே காலையிற் பனி, நண்பகலில் இதமான வெயில். ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலோ நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே நிற்கின்றான். நம் நிழல் நம் காலடியிலேயே சுருங்கிவிடுகின்றது. அவ்வேளை மண்வெட்டியோடு வளவுக்குள் இறங்குகின்றவனை இளவேனிலைச் சுவைக்கின்றவன் என்று யாருஞ் சொல்லார். பழைய ஆசிரியர்கள் தத்தம் நிலத்தைப் பார்த்து இலக்கணஞ் செய்தார்கள். நாமும் நம் நிலத்தைப் பார்ப்பது அவர்கள் வழியிற் செல்வதேயாகும். நூல் பின்பனி என்று சொல்லும் மாசியும் பங்குனியுமே நமக்கு இளவேனில் என்று துணிகின்றேன். பண்டிதர்கள் மறுப்பாராயின் ஒரு மாசி மாதக் காலையில் எங்கள் வேலியோரம் வந்து மறுக்கட்டும்.

அந்த வேலியையே முதலிற் பாருங்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்குமாக நாட்டிய உயிர்வேலி யாழ்ப்பாணத்தின் பழைய தோட்டம். இலையுதிர்த்த முள்முருக்கிலே செந்நிறப் பூங்கொத்துகள் வெளிவருவது இப்பருவத்திலேதான். கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்காலாக நாட்டும் மரமும் அதுவே என்பதை வகுப்பிலே சொன்னாற் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, பொழுது சாயச் சாயச் செம்மை படர்ந்து வாடும். அதன் குழை தோட்டத்துக்குப் பசளை. அதன் இலை சிறுவர்க்குக் குழல். வளவின் உள்ளே மாமரம் பூத்து நிற்கும். பிஞ்சுகள் உதிர்வதைக் கண்டு வீட்டிலுள்ள முதியோர் பெருமூச்சு விடுவர். பனம்பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுக்குங் காலமும் இதுவே. பங்குனி கழியும் பொழுது வேம்பு பூக்கும். மரத்தடியைக் கூட்டிச் சீலை விரித்து அப்பூவைச் சேர்த்து வடகம் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவ்வடகத்தின் கைப்பை ஒருமுறை சுவைத்தவனுக்கு வேம்பைப் பற்றிய எந்தச் செய்யுளுக்கும் பதவுரை வேண்டியதில்லை.

வீட்டுத்தோட்டம் என்றதும் பலர் ஏக்கர்க் கணக்கிலே நினைத்து மலைக்கின்றனர். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலே நாலு வாழை, அதற்கப்பால் ஒரு பாத்தி கத்தரி, இரண்டு வரிசை வெண்டி, ஒரு சிறு பந்தர், இவ்வளவே போதும். பந்தரிலே புடோலும் பாகலும் பீர்க்கும் படரலாம். இடமில்லாதார் பழைய வாளியிலே தூதுவளை வைக்கலாம். நட்டபின் செய்யவேண்டிய வேலை காலையிலும் மாலையிலும் சிறிது நேரந்தான். எஞ்சிய நேரமெல்லாம் பார்ப்பதற்கே. வெண்டிப்பூ இளமஞ்சளாகக் காலையில் விரிந்து, நடுவிலே கருஞ்சிவப்புக் காட்டி, அன்றைக்கே கூம்பிவிடும். புடோற்பூவோ வெண்ணூலிழைகளைப் பின்னிவிட்டாற் போல இரவிலே மலரும். காய் வளையாது நீளுதற்காக அதன் நுனியிலே சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இந்த வேலையை வீட்டிலுள்ள சிறுபிள்ளையிடம் ஒப்படைத்தால் அப்பிள்ளை நாள்தோறும் காலையில் எழுப்பாமலே எழும்பும்.

பீர்க்கைத் தனியே சொல்லவேண்டும். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் பசலைக்குப் பீர்க்கம்பூவைச் சங்கப் புலவர் உவமை கூறினர். ஆசிரியர் இதனை விளக்குகின்றார். மாணாக்கர் 'பசலை - நிறவேறுபாடு' என்று குறித்துக்கொள்கின்றனர். என்ன நிறம்? எத்தகைய மஞ்சள்? வெயில் சாய்ந்தபின், ஒளி மங்கும் வேளையிலே விரிகின்ற அந்த மலரை ஒருநாளாவது பார்த்தவனுக்கே, மாலைப்பொழுதுக்கும் பிரிவுத்துயருக்கும் பீர்க்கம்பூவுக்கும் இடையிலுள்ள உறவு பிடிபடும். காணாதவனுக்கு அது பரீட்சைக் குறிப்பு. நம் இலக்கியத்திலே மரமுஞ் செடியும் கொடியும் இடம்பெறாத பக்கம் அரிது. அவற்றை அறியாத ஒரு தலைமுறை வளருமாயின் அந்நூல்களை அச்சிட்டு வைத்துங் காப்பாற்ற முடியாது. என் கவலை காய்கறியைப் பற்றியதன்று என்பது இப்பொழுது விளங்கும்.

காய்கறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலமும் நமக்கு வந்ததுண்டு. 1990களிலே பொருளாதாரத் தடை நிலவிய பொழுது முருங்கையும் மரவள்ளியும் பல அடுப்புகளை அணையாது காத்தன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளிலே விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டஞ் செய்யுங்கள் என்று அரசாங்கமே சொல்லியது. சுற்றுநிருபம் பார்த்துக் கொத்திய பாத்திகள் பல, கடைகளிலே பொருள் வந்ததும் புல் மூடிப் போயின. இதில் வியப்பில்லை. பஞ்சத்துக்காக மட்டும் மண்வெட்டி எடுத்தவர் பஞ்சம் நீங்கியதும் அதனைக் கோடிக்குள் எறிவார்தாமே? தோட்டத்தை ஒரு கடமையாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது ஓர் இன்பம் என்று சொல்ல ஏனோ கூச்சப்படுகின்றோம்.

இன்பம் என்றால் நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்கின்றனர். சனியும் ஞாயிறும் பிள்ளைகள் தனியார் வகுப்புகளிலே இருக்கின்றனர். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எல்லாரையும் அச்சுறுத்துகின்றது. அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்லேன். ஒரு புள்ளியின் பின்னத்திலே ஒரு பிள்ளையின் வாழ்வு திசைமாறும் நாட்டிலே பெற்றோரைக் கண்டிப்பது எளிது, ஆனால் நேர்மையாகாது. என் வேண்டுகோள் சிறியது. வாரத்திலே ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். அதனையும் ஒப்படையாக்கிப் புள்ளி வழங்கிவிடாதீர்கள் என்று ஆசிரிய நண்பர்களைத் தனியே கேட்டுக்கொள்கின்றேன். புள்ளி உண்டென்றால் தோட்டத்தையும் தகப்பனாரே கொத்திக் கொடுப்பார். புகைப்படத்திலே பிள்ளை பூவாளியோடு நிற்கும்.

வேலிகளும் ஆண்டுக்காண்டு குறைகின்றன. மதில் எழுப்புவது கௌரவம், முற்றத்திலே சீமெந்துக் கல் பதிப்பது அதனினுங் கௌரவம் என்று எண்ணம் பரவிவிட்டது. ஆடுமாடு புகாமைக்கு மதில் நல்லது என்பார்கள். இருக்கட்டும். மதிலுக்கு உள்ளேயாவது ஒரு பூவரசை விட்டுவைக்கலாகாதா?

வெளியே செல்வதைப் பற்றியும் ஒரு சொல். கல்விச் சுற்றுலா என்று இரவிரவாகப் பேருந்திலே குலுங்கிப் பேராதனைப் பூங்காவுக்குச் செல்கின்றோம். 1821இல் அமைக்கப்பட்ட அப்பூங்கா காணத்தக்கதே. அங்கே மரங்களிற் பெயர்ப்பலகை உண்டு. பிள்ளைகள் படித்துக் குறித்துக்கொள்கின்றனர். ஊர்க் கோயில் வீதியிலே நிற்கும் மரங்களிற் பலகை இல்லாமையால் அவற்றின் பெயரை ஒருவரும் அறிந்திலர். பத்து நிமிடம் நடந்தால் அறுவடை முடிந்த வயல்வெளி. தாள்களுக்கிடையே பயறு முளைவிடுவதைக் காணலாம். சைக்கிளிலே சென்றால் கடனீரேரிக் கரை. வலசை வந்த பூநாரைகள் ஆழமற்ற நீரிலே வரிசையாக நின்று மேயும் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஒரு கட்டுச்சோறும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பங்குனித் திங்கட்கிழமைகளிலே மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பமாக வண்டில் கட்டிச் சென்று, மரநிழலிலே கல் வைத்து அடுப்பு மூட்டிப் பொங்கி, அவ்வூர்க் கத்தரிக்காயிலே கறி சமைத்து உண்டு, மாலையிலே திரும்பினார்கள். பலர் பக்தியாற் சென்றனர். கத்தரிக்காயை நினைத்துச் சென்றவரும் சிலர் இருந்திருப்பர், அம்மன் பொறுத்தருள்வாள். இன்றும் அத்திங்கட்கிழமைகளில் அங்கே புகை எழுகின்றது. நம் இளவேனில் விழா எது என்று கேட்கும் மாணாக்கனை நான் அங்கேதான் அனுப்புவேன்.

அடுத்த மாசியிலே 'வசந்த காலம்' என்னுந் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுமுன், வகுப்பைப் பாடசாலையின் பின்வேலி வரை நடத்திச் செல்லுமாறு தமிழாசிரியர்களை வேண்டுகின்றேன். எழுதுவதெல்லாம் அதன்பின் ஆகட்டும். தனியார் வகுப்பு நடத்துவோரிடம் கேட்பது இன்னுஞ் சிறிது: பீர்க்கம்பூ விரிவதைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளை மாலையில் ஒரு நாளாவது அரைமணி நேரம் முன்னதாக விட்டாற் போதும்.