பழகினால் பகை நில்லாது

1997 நவம்பரைக் கோவைத் தொழிலாளி மறக்க முடியாது. ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டார். செய்தவர்கள் சிலர்; பழியோ சமுதாயம் முழுவதன் மீதும் விழுந்தது. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். இந்தப் பழிக்குப் பழியால் எந்தத் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தது?

“முஸ்லிம் கடையில் வாங்காதே, வீடு கொடுக்காதே” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நம் சங்கத்துக்குள்ளும் அது கேட்கிறது; மறைப்பானேன்? அப்படிப் பேசுகிறவரைக் கேளுங்கள்: “முஸ்லிம் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டதுண்டா?” பெரும்பாலும் பதில் வராது. பழக்கமில்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். கந்தூரிக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் முஸ்லிம் பெண்ணின் விரல்வலியும், வயலில் நாற்று நடும் பெண்ணின் இடுப்புவலியும் வேறு வேறா?

தோழர்களே! தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் போங்கள். பொங்கலுக்கு அவரைக் குடும்பத்தோடு அழையுங்கள். சந்தேகம் இருந்தால் அவரிடமே நேரில் கேளுங்கள். நாளை வதந்தி கிளம்பும்போது, அவர் வாசலில் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம்தான். முன்பின் பழகாதவன் அங்கே வந்து நிற்பானா?